சாக்ஸபோனுக்குள் இருந்த துணி முடிச்சு

நான் வேலை செய்த பட்டறையில் இப்போது ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. பழுதுபார்க்க வரும் ஒவ்வொரு வாத்தியத்தையும் உள்ளும் புறமும் படம் எடுத்த பிறகுதான் கழற்றுகிறார்கள். நூல் மாதிரி மெல்லிய ஒரு கமெரா குழலுக்குள் போய்த் திரும்பி வருகிறது. போன மாதம் தேநீர் குடிக்க அங்கே போயிருந்தேன். இப்போது பட்டறைக்குப் பொறுப்பாக இருக்கும் ஹானா அலுத்துக்கொண்டாள். ஒரு வாத்தியத்துக்கு அரை மணித்தியாலம் படம் எடுப்பதிலேயே போகிறதாம். உங்கள் காலத்தில் இது இல்லாமல்தானே வேலை செய்தீர்கள் என்று கேட்டாள். செய்தோம். அதனால் என்ன நடந்தது என்று அவளுக்குச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, இதை எழுதி வையுங்கள் என்றாள். ஆங்கிலத்தில் எழுத எனக்குக் கை வராது. ஹானா மொழிபெயர்க்க யாரையாவது பிடித்துக்கொள்ளட்டும்.

சிட்னியில் முப்பது வருடத்துக்கு மேல் காற்று வாத்தியங்களைப் பழுதுபார்த்தேன். ஊரில் நான் கடைசல் இயந்திரத்தில் நின்றவன். இங்கே வந்து ஓர் இரும்புத் தொழிற்சாலையில் ஐந்து வருடம் இருந்தேன். அதை மூடிவிட்டார்கள். ‘நுணுக்கமான கைவேலை தெரிந்தவர் தேவை’ என்று பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. மாரிக்வில்லில், ஒரு தச்சுக்கூடத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைப் பட்டறை. உள்ளே டெஸ்மண்ட் இருந்தார். மெல்லிய மனிதர், காதில் பென்சில். நான் என்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, ஒரு கிளாரினெட்டையும் சிகரெட் சுற்றும் தாளில் வெட்டிய ஒரு கீற்றையும் நீட்டினார். துளையின் விளிம்பில் தாளை வைத்து, மூடியை அழுத்தி, தாளை மெதுவாக இழுக்கவேண்டும். தாள் பிடித்துக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று ஒழுகாது. வழுக்கி வந்தால் ஒழுகும். எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடி என்றார். கால் மணித்தியாலத்தில் மூன்று இடம் காட்டினேன். அவர் நான்காவது இடத்தைக் காட்டினார். பிறகு, திங்கட்கிழமை எட்டு மணிக்கு வா என்றார்.

முதல் இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. துளைமூடிகளின் அடியில் தோல் மெத்தை ஒட்டினேன், கம்பிச் சுருள் வளைத்தேன், பள்ளிக்கூடப் புல்லாங்குழல்களில் நெளிவு எடுத்தேன். டெஸ்மண்ட் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை, பிழை என்று சொன்னதும் இல்லை. வேலை சரி என்றால் வாத்தியத்தை எடுத்துக்கொண்டுபோய் முடிந்த வாத்தியங்களுக்கான தட்டில் வைப்பார். சரியில்லை என்றால் ஒரு வார்த்தை பேசாமல் என் மேசையிலேயே திருப்பி வைத்துவிட்டுத் தேநீர் போடப் போவார். அவர் போடும் தேநீரின் வாசனை வந்தாலே நான் திரும்பி என் மேசையைப் பார்ப்பேன்.

அவர் வாய்விட்டுச் சொன்ன விதி ஒன்றே ஒன்றுதான். வாத்தியத்துக்குள்ளிருந்து எது வெளியே வந்தாலும் அது வாத்தியக்காரருடையது. உறையில் போட்டுப் பெயர் எழுதிப் பெட்டியின் பிடியில் கட்டவேண்டும். என்னவெல்லாம் வந்தன என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பென்சில் துண்டு, காலுறை, பிளாஸ்டிக் டைனோசர், காய்ந்த தோடம்பழத் தோல். ஒருமுறை ஒரு பழைய கொர்னெட்டுக்குள் சுருட்டிய கடதாசி ஒன்று இருந்தது. ஏதோ எழுத்துத் தெரிந்தது. டெஸ்மண்ட் அதை விரிக்காமலே உறையில் போட்டு ஒட்டினார். என்ன எழுதியிருக்கிறது என்று அறிய ஆசை இல்லையா என்று கேட்டேன். “இருக்கிறது. அதனால்தான் உடனே ஒட்டினேன்” என்றார்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது.

டிசெம்பர் மாதம். பள்ளிக்கூடம் விட்டதும் எல்லாப் பள்ளிகளின் வாத்தியங்களும் ஒரேயடியாக வந்து குவியும் காலம். டாயோ என்று ஒருவர் தன் அப்பாவின் டெனர் சாக்ஸபோனைக் கொண்டுவந்தார். நாற்பது வயது இருக்கும். உயரமானவர், தணிந்த குரல். அப்பா நைஜீரியாவில் ஓர் இசைக்குழு நடத்தியவர். குடும்பத்தோடு இங்கே வந்த பிறகு சிட்னியில் மறுபடி பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு அந்த நாட்டு ஆஃப்ரோபீட் இசையையே வாசித்தவர். பதினைந்து வயதிலிருந்து டாயோ அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று, தன் சொந்த சாக்ஸபோனில் அவரோடு சேர்ந்து வாசித்துவருகிறார். அப்பா இருதயச் சத்திரசிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் வீட்டுக்கு வரும்போது குழல் புதிதுபோல இருக்கவேண்டும், அவருக்கு இது தெரியாது என்றார் டாயோ.

தங்கள் குழுவின் ஒலித்தட்டு ஒன்றையும் தந்துவிட்டுப் போனார். வேலை செய்துகொண்டே போட்டுக் கேட்டேன். பாட்டு எப்போது தொடங்கும் என்று காத்திருந்தேன். பத்து நிமிடம் போன பிறகுதான் அது எப்போதோ தொடங்கிவிட்டது என்று விளங்கியது. தாளம் நிற்காமல் சுற்றுகிறது, அதற்கு மேலே குழல்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கடைசியில் அந்த வரி படி இறங்கி இறங்கி, சாக்ஸபோனின் ஆகக் கீழ் ஸ்வரமான பி-ஃப்ளாட்டில் போய் நீளமாக நிற்கிறது. தரையே பேசுவதுபோல இருந்தது.

குழலை முழுவதும் கழற்றினேன். நாற்பது வருட அழுக்கு. கீழே குழல் வளைந்து மேலே திரும்பும் இடத்துக்குள் கம்பியை விட்டபோது ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தேன். உள்ளங்கையில் அடங்கும் தேசிக்காய் அளவில் ஒரு முடிச்சு வந்தது. நீலமா கறுப்பா என்று தெரியாத ஒரு துணி, நூலால் இறுக்கிச் சுற்றியிருந்தது, பூஞ்சண நாற்றம். குழலைத் துடைக்கும் துணி எப்போதோ அறுந்து உள்ளே நின்றுவிட்டது என்று நினைத்தேன். மேசையில் இன்னும் பதினொரு வாத்தியங்கள் காத்திருந்தன, உறைகள் அடுத்த அறையில் இருந்தன. குப்பைக் கூடை காலடியில் இருந்தது.

டாயோவின் அப்பா வீட்டுக்கு வந்தார். குழலைப் பார்த்தார், தடவினார், நல்ல வேலை என்றாராம். ஊத மூச்சுப் போதவில்லை. இரண்டு மாதத்தில் இறந்துபோனார்.

யூலை மாதத்தில் டாயோ மறுபடி வந்தார். குழுவை இனி அவர்தான் நடத்துகிறார். அப்பாவின் நினைவாக ஒரு கச்சேரி, அதில் அப்பாவின் குழலையே வாசிப்பது என்று எல்லோரும் முடிவு செய்திருக்கிறார்கள். ஆனால் ஒத்திகையில் கீழ் பி-ஃப்ளாட் நிற்கவில்லை. ஊதிக் காட்டினார். போத்தலிலிருந்து தண்ணீர் ஊற்றுவதுபோலக் கொடகொடவென்றது. அப்பாவோடு முப்பது வருடம் வாசித்த ட்ரம்காரர் கையை நிறுத்திவிட்டு, இது அவருடைய குழல் இல்லை, யாரோ மாற்றிவிட்டார்கள் என்றாராம்.

நானும் டெஸ்மண்டும் மூன்று மணித்தியாலம் பார்த்தோம். விளக்குச் சரத்தை உள்ளே விட்டு, அறையை இருட்டாக்கி, ஒவ்வொரு மூடியாக மூடிப் பார்த்தோம். எங்கும் வெளிச்சம் கசியவில்லை. தாள் வைத்து இழுத்தோம். எல்லா இடமும் பிடித்தது. டெஸ்மண்ட் மேசை லாச்சியைத் திறந்து வைன் போத்தல் தக்கை ஒன்றை எடுத்து, குழலின் அகன்ற வாய்க்குள் போட்டார். அது உருண்டுபோய் வளைவில் விழும் சத்தம் கேட்டது. டாயோவிடம், இப்போது ஊது என்றார். பி-ஃப்ளாட் நின்றது, அசையாமல்.

டாயோ குழலுக்குள் எட்டிப் பார்த்தார். டெஸ்மண்ட் விளக்கினார். சில பழைய குழல்களில் அந்த வளைவு தேவைக்கு மேல் அகலம். ஆகக் கீழ் ஸ்வரம் அங்கே தடுமாறும். உள்ளே ஏதாவது போட்டு இடத்தைக் குறைத்தால் நின்றுவிடும். பழைய ஆட்களுக்கு இந்த வழி தெரியும், உன் அப்பாவும் ஏதாவது போட்டிருப்பார் என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நீ கழற்றும்போது ஏதாவது இருந்ததா?”

“இல்லை” என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. என் வாய் எனக்கு முன் பேசிவிட்டது. டெஸ்மண்ட் தலையை அசைத்தார். டாயோ, அப்படியென்றால் ஆஸ்பத்திரிக்குப் போகமுன் அப்பாவே எடுத்திருக்கவேண்டும், ஏன் எடுத்தார் என்று தெரியவில்லையே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஏதோ கோபமோ, இனி வாசிப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டாரோ என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. தக்கையோடு குழலை வைத்துவிட்டு, நாளை வருகிறேன் என்று போனார்.

ரயிலில் எங்கள் வீடு இருக்கும் டூங்கபி வரும்வரை அந்த முகம்தான் எனக்கு முன்னால் இருந்தது. குசினியில் என் மனைவி பவானி புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். கதிரையை இழுத்துப்போட்டு இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தக்கையால் குழல் சரியாகிவிட்டது, வேலையில் இனிக் குறை இல்லை என்றும் சேர்த்துச் சொன்னேன்.

“குழல் சரி. அந்தப் பெடியன் இனிச் சாகுமட்டும் தகப்பன் ஏன் அதை எடுத்தவர் எண்டு யோசிச்சுக்கொண்டிருப்பான். அதுக்கு என்ன தக்கை போடப்போறியள்?” என்றாள்.



மறுநாள் ஏழரைக்கே பட்டறைக்குப் போனேன். டெஸ்மண்ட் கோட்டைக் கழற்றமுன்னே சொல்லிவிட்டேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். கோபம் இல்லை, ஏமாற்றமும் இல்லை. திருப்பி வைக்கவேண்டிய வேலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனார்.

டாயோவுக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் பொய் சொன்னேன், உள்ளே ஒரு துணி முடிச்சு இருந்தது, டிசெம்பரில் நான்தான் குப்பையில் எறிந்தேன் என்றேன். பிறகு கேட்டார்.

“துணி என்ன நிறம்?”

அவர் முதலில் கேட்டது இதைத்தான். நீலம்போல இருந்தது, வெள்ளைக் கோடுகள் இருந்திருக்கலாம் என்றேன். எவ்வளவு பெரிது, என்ன நூல், எத்தனை சுற்று, உள்ளே கல்லா மரமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். ஒரு மணித்தியாலத்தில் பட்டறைக்கு வந்து நின்றார். என் கையைக் கொடுக்கச் சொல்லி, அந்த முடிச்சு எந்த அளவு என்று விரலால் காட்டச் செய்தார். கடைசியில் மட்டும், “நேற்றைக்கு அப்பா மேல் எனக்குக் கோபம் வந்தது, இரவு முழுக்க” என்றார். மன்னியுங்கள் என்றேன். ம் என்றார். அவ்வளவுதான்.

அவருடைய அம்மா மெல்பேர்ணில் மகளோடு இருந்தார். டாயோ அங்கேயே நின்று தொலைபேசியில் அவரை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். நீலத் துணி என்றதும் அம்மா சிரித்துவிட்டார்.

“அது என்னுடைய நல்ல உடுதுணி. கல்யாணத்துக்கு அடுத்த வருடம், எனக்குச் சொல்லாமல் ஓரத்தில் வெட்டினார். மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. உள்ளே போத்தல் தக்கை, சத்தம் போடாமல் இருக்கத்தான் துணி. இவ்வளவு காலமும் அதுவா உள்ளே இருந்தது?”

வெட்டியது போக மிச்சத்தை அம்மா வைத்திருந்தார். ஒரு வாரத்தில் தபாலில் வந்தது, ஒரு சாண் அகலத் துண்டு. அவரே கத்தரித்து, ஓரம் அடித்து அனுப்பியிருந்தார்.

தக்கையைத் துணியில் சுற்றி, நான் விரலால் காட்டிய அளவுக்கு நூலால் இறுக்கி, வளைவில் இறக்கினோம். பி-ஃப்ளாட் நின்றது. டெஸ்மண்ட் எப்போதும் வேலை முடிந்ததும் ஒவ்வொரு ஸ்வரத்தையும் சுருதிமானியில் பார்ப்பார். டாயோ கீழிருந்து மேலே ஒவ்வொன்றாக ஊதினார். முள் நடுவில், நடுவில், நடுவில். நடு ஸ்தாயி டி வந்தபோது முள் இடப்பக்கம் சரிந்தது, சுருதி குறைவு.

“மறுபடி” என்றார் டெஸ்மண்ட்.

மறுபடியும் சரிந்தது. முடிச்சை வெளியே எடுத்து ஊதச் சொன்னார். டி சரியாக நடுவில் வந்தது, ஆனால் பி-ஃப்ளாட் கொடகொடத்தது. உள்ளே போட்டால் பி-ஃப்ளாட் நிற்கும், டி இறங்கும். நான்கு முறை மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

டாயோ குழலை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். அப்பாவின் வாசிப்பில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடம் உண்டு என்றார். வரியின் நடுவில் வரும் ஒரு ஸ்வரத்தை அப்பா நேராகத் தொடமாட்டார். கீழேயிருந்து, ஏதோ கனமானதை இழுத்துக்கொண்டு ஏறுவதுபோல ஏறி வருவார். அதை அவருடைய அழுகை என்று சொல்வார்களாம். சிறுவனாக இருந்தபோது தானும் அப்படி வாசிக்கவேண்டும் என்று தன்னுடைய குழலில் மாதக்கணக்கில் பழகினாராம்.

“அது எந்த ஸ்வரம்?” என்று டெஸ்மண்ட் கேட்டார். கேட்கும்போதே அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

“டி” என்றார் டாயோ. “அப்பா அழவில்லை. சுருதி சேர்த்திருக்கிறார்.”

முடிச்சு இறக்கிய ஸ்வரத்தை அவர் ஒவ்வொரு முறையும் உதட்டால் மேலே ஏற்றியிருக்கிறார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாத முகம் டாயோவுக்கு. எனக்கோ வேறு எதுவும் தோன்றவில்லை. ஒரு தக்கை ஏன் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தி இன்னொன்றைக் கீழே இழுக்கிறது என்று மட்டும் தெரியவேண்டும்போல இருந்தது. முடிச்சு கிடந்த இடம்தான் காரணமாக இருக்கவேண்டும், இடத்தை மாற்றினால் இரண்டும் சரிவரலாம் என்றேன். செய்து பார் என்றார்கள்.

நான்கு பின்னேரங்கள் போயின. பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை வாங்கி உருட்டி, வளைவுக்குள் விரல் அளவு விரல் அளவாக நகர்த்தி ஒட்டினேன். டாயோ ஊதுவார். டெஸ்மண்ட் முள்ளைப் பார்த்துக் கடதாசியில் குறிப்பார். அகன்ற வாய்ப்பக்கம் போகப் போக டி ஏறியது. இன்னும் கொஞ்சம் போனால் பி-ஃப்ளாட் மறுபடி தடுமாறியது. நான்காம் நாள், பழைய இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி ஓர் இடத்தில் இரண்டும் நின்றன. டெஸ்மண்ட் குறித்துக்கொண்டிருந்த பென்சிலைக் கீழே வைத்தார்.

பழைய இடமா புது இடமா என்று டாயோதான் சொல்லவேண்டும். ஒரு நாள் எடுத்துக்கொண்டார். மறுநாள் வந்து, அம்மாவின் துணியையே வையுங்கள், ஆனால் புது இடத்தில் என்றார். அப்பா ஒரு குறையைச் சமாளித்தார், அந்தக் குறை எனக்கு இல்லாதபோது நான் ஏன் சமாளிப்பதுபோல நடிக்கவேண்டும், டி ஸ்வரத்தை இனி நேராகவே வாசிக்கப்போகிறேன் என்றார். முடிச்சு நகராமல் இருக்கப் பித்தளையில் மெல்லிய வளையம் ஒன்று கடைந்து பொருத்தினேன். டெஸ்மண்ட் குழலை என் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டுபோய்த் தட்டில் வைத்தார்.

கச்சேரி பரமட்டாவில், ஆற்றங்கரைப் பூங்காவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். பவானியையும் கூட்டிக்கொண்டு போனேன். தொடங்கமுன் மேடைக்குப் பின்னால் போய்க் குழலைக் கடைசியாகச் சோதித்துக் கொடுத்தேன். மூன்று வாரமாக நேராக வாசித்துப் பழகியிருக்கிறேன், இப்போது கஷ்டமே இல்லை என்றார் டாயோ.

அப்பாவின் பாட்டைக் கடைசியாக வைத்திருந்தார்கள். புல்லில் இருந்த சனம் பாதி எழும்பி ஆடத் தொடங்கிவிட்டது. டாயோ முன்னுக்கு வந்து வரியைத் தொடங்கினார். டி வந்தது. கீழேயிருந்து ஏறி வந்தது. ஒலித்தட்டில் அவருடைய அப்பா ஏறியதுபோலவே, அதே கனத்தை இழுத்துக்கொண்டு. ஒரு வித்தியாசம் மட்டும் இருந்தது. அப்பா எவ்வளவு இழுத்தும் சுருதிக்கு ஒரு மயிரிழை கீழேயே நின்றுவிடுவார், இது அங்கே நிற்கவில்லை, இன்னும் மேலே போய்ச் சரியான இடத்தில் நின்றது. டாயோ திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்ததை நான் பார்த்தேன். அடுத்த சுற்றில் மறுபடி முயன்றார், மறுபடி ஏறியது. அதற்குப் பிறகு அவர் அதோடு மல்லுக்கட்டவில்லை.

பவானி என் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள். “இஞ்சருங்கோ, இந்த இடத்தில அவர் என்ன செய்யிறார்?”

“நேரா வாசிக்கப் பாக்கிறார். முடியேல்ல.”

“ஏன் நேரா வாசிக்கவேணும்?” என்று கேட்டாள். மேடையில் வரி இறங்கி இறங்கிக் கீழ் பி-ஃப்ளாட்டுக்கு வந்து நின்றது. பின்னால் அந்த வயதான ட்ரம்காரர் தலையை ஆட்டிக்கொண்டே அடித்தார்.

முடிந்ததும் டாயோ என்னைத் தேடிக்கொண்டு வந்தார். சேட்டு முழுக்க வேர்வை. குழலில் ஏதோ நகர்ந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். நிச்சயமா, பாருங்கள் என்று குழலை நீட்டினார். நான் வாங்கி, பட்டறையில் செய்வதுபோல விரல்களை வைத்து டி ஸ்வரத்தை ஊதினேன். கோடு போட்டதுபோல நேராக, யாருடையதும் இல்லாத ஒரு டி வந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

டாயோ குழலைத் திருப்பி வாங்கினார். அதே விரல்களை வைத்து அதே ஸ்வரத்தை ஊதினார். அது கீழேயிருந்து ஏறி வந்தது.

வாயை எடுத்து என்னைப் பார்த்தார். “குழலில் பிழை இல்லை” என்றார். சொல்லிவிட்டு மறுபடி அதையே ஊதினார்.